பீரியட் படத்தில் வரும் துப்பாக்கியை அடையாளம் காண்பது எப்படி?

பீரியட் படம் பார்த்துவிட்டு வந்து "அந்தத் துப்பாக்கி பேர் என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "அதில் குண்டை எந்தப் பக்கமாகப் போட்டார்கள்?" என்பதுதான். பாதிப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். குழலின் நீளம், கட்டையின் நிறம், கதாநாயகன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடை எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் துப்பாக்கியின் வயதைச் சொல்வது அதன் உருவம் இல்லை, குண்டு உள்ளே போகும் வழி. முன்வாய் வழியாகவா, பின்பக்க மூடியைத் திறந்தா, போல்ட்டை (பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டை) இழுத்தா, கைப்பிடிக்குள் மேகசினை (தோட்டாப் பெட்டியை)ச் செருகியா? இதைப் பிடித்துவிட்டால் எந்தக் காலத்துப் பொருள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பெயரை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம்.

நான் ராணுவத்தில் தளவாடங்களைப் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைப் பிரிப்பது, பழுது பார்ப்பது, அளவு சரிபார்த்துத் திரும்பப் பூட்டுவது, இதுதான் பல வருடம் என் பிழைப்பு. ஊர் வேலூர் பக்கம். சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மெண்டில் இருக்கும் தம்பிகள் சிலர் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இந்த முறை எனக்கே தெளிவாக அமைந்தது. பாளையக்காரர் காலத்திலிருந்து 1947 வரை நம் நாட்டில் நடக்கும் கதைகளுக்கு மட்டும் இங்கே சொல்கிறேன். நம் ஆட்கள் அதிகம் எடுப்பதும் பார்ப்பதும் அந்தக் காலத்தைத்தான்.

முதலில் தாளில் எழுத வேண்டியவை

படத்தை நிறுத்தி உற்றுப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். கதை எந்த ஆண்டு? துப்பாக்கி யார் கையில் இருக்கிறது?

ஆண்டு எதற்கென்றால், பழைய துப்பாக்கி பிந்தைய காலத்தில் இருக்கலாம், புதிய துப்பாக்கி முந்தைய காலத்தில் இருக்கவே முடியாது. 1930இல் ஒரு கிராமத்துக் காவல்காரர் தன் தாத்தா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியோடு வந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. 1799இல் கயத்தாறில் நிற்கும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் போல்ட்டை இழுத்தால் அது குறை. "ரொம்பப் பழசா இருக்கே" என்பது குற்றச்சாட்டே ஆகாது. "இது அப்போது பிறந்திருந்ததா?" என்பது மட்டும்தான் கேள்வி.

யார் கை என்பது நம் நாட்டுக் கதைகளில் ரொம்ப முக்கியம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்கார அரசு இந்தியச் சிப்பாயை நம்பவில்லை. வெள்ளைக்கார ரெஜிமெண்ட் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தைத்தான் அவனுக்குக் கொடுத்தது. அவர்களுக்கு மார்ட்டினி-ஹென்றி ரைபிள் வந்தபோது நம்மவர்களுக்கு அதற்கு முந்தைய ஸ்னைடர். அவர்களுக்கு லீ-மெட்ஃபோர்டு என்ற போல்ட் ரைபிள் வந்தபிறகுதான் நம்மவர்களுக்கு மார்ட்டினி. போலீஸுக்கு அதற்கும் பின்னால். ஆகவே 1880களில் நடக்கும் ஒரு காட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாயும் இந்தியச் சிப்பாயும் ஒரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றால், படக்குழு ஒரே கடையில் மொத்தமாக வாடகைக்கு எடுத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

முன்வாய் வழியாகக் குண்டு போனால்

குழலின் கீழே ஒரு நீளக் கம்பி செருகியிருக்கும். மருந்தையும் குண்டையும் முன்வாயில் போட்டு அந்தக் கம்பியால் இடித்து இறக்குவார்கள். அந்தக் கம்பி தெரிந்தால், அடுத்து விசைக்கு மேலே வலப்பக்கத்தைப் பாருங்கள். தீ எப்படிப் பிடிக்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது.

புகையும் திரி ஒன்று கவ்வியில் செருகியிருந்தால் திரித்துப்பாக்கி. இந்தியத் திரித்துப்பாக்கி மெல்லியது, கட்டை குறுகலாக, தோளில் பொருந்தாத மாதிரி ஒல்லியாக இருக்கும். பாளையக்காரர் படையிடம் இதுவும் நீண்ட ஈட்டியும் இருப்பது சரியான சேர்க்கை.

திரிக்குப் பதில் சேவல் தலை மாதிரி வளைந்த ஒரு கவ்வியும், அதில் சக்கிமுக்கிக் கல்லும், எதிரில் நிமிர்ந்த இரும்புத் தகடும் இருந்தால் அது ஃபிளிண்ட்லாக். கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த பிரவுன் பெஸ் இந்த வகை. அதிலும் 39 அங்குலக் குழல் கொண்ட 'இண்டியா பேட்டர்ன்' என்பதைக் கம்பெனி தன் படைகளுக்காகவே செய்து வைத்திருந்தது. பிரான்ஸோடு சண்டை முற்றி ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசே 1797இல் அதை எடுத்துக்கொண்டது. கட்டபொம்மன், மருது சகோதரர்கள், வேலூர்ச் சிப்பாய்கள், இவர்கள் கதை எதை எடுத்தாலும் எதிரே நிற்கும் துப்பாக்கி இந்தக் குடும்பம்தான்.

இதில் கிட்டே போய்ப் பார்க்க இரண்டு நுணுக்கம் உண்டு. ஒன்று, கல்லைப் பிடிக்கும் கவ்வியின் கழுத்து. முந்தைய இண்டியா பேட்டர்னில் அது அன்னத்தின் கழுத்துப் போல வெறும் வளைவாக இருக்கும். அது ஒடிந்துபோகிறது என்று 1809இல் கழுத்துக்குள் ஒரு வளையம் வைத்துப் பலப்படுத்தினார்கள். இன்னொன்று, பூட்டுத் தகட்டில் இருக்கும் முத்திரை. கம்பெனி முதலில் தன் சரக்கு மூட்டைகளில் போடும் இதய வடிவக் குறியையே துப்பாக்கியிலும் அடித்தது. 1808 வாக்கில்தான் அது கிரீடம் ஏந்திய சிங்கமாக மாறியது. எங்கள் ஊர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. அந்தக் கதையை யாராவது நன்றாக எடுத்தால், குளோஸ்-அப்பில் சிங்கத்தைத் தேட மாட்டேன், இதயத்தைத் தேடுவேன். வேலூர்க் கதையை எடுக்க நினைக்கும் ஆர்ட் டைரக்டர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஒரு தகட்டை மட்டும் சரியாகச் செய்யுங்கள்.

ஃபிளிண்ட்லாக் சுடும்போது இரண்டு நெருப்பு தெரிய வேண்டும். முதலில் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் குபுக்கென்று ஒன்று, நொடியின் ஒரு பங்கு கழித்துக் குழல் வாயில் ஒன்று. சுடுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில் புகை எழும்ப வேண்டும். வாயில் மட்டும் பளிச்சென்று வந்தால் அது கம்ப்யூட்டரில் சேர்த்த நெருப்பு. நல்ல பயிற்சி உள்ள சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று குண்டு பெரிய விஷயம். அதனால்தான் வரிசை வரிசையாக நின்று சுட்டார்கள்.

கல்லும் இல்லை, திரியும் இல்லை, சுத்தியல் மட்டும் ஒரு சின்னக் காம்பின் மேல் விழுகிறது என்றால் அது கேப் துப்பாக்கி. தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கும் பொட்டுக் கேப்பேதான், செம்புத் தொப்பிக்குள் வைத்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இது ராணுவத்துக்குப் பரவலாக வந்தது 1840களில். ஆகவே கட்டபொம்மன் காலத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால் படங்களில் மிக அதிகமாக நடக்கும் கோளாறு இதுதான். கல் வைத்த துப்பாக்கியின் நகல் விலை கூட, கேப் துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும்.

1857 கதைகளில் எல்லோரும் என்ஃபீல்டு பற்றியே பேசுவார்கள். கொழுப்புத் தடவிய தோட்டா அதற்கு வந்ததுதான் என்பது உண்மை. 1853 மாடல் என்ஃபீல்டை அறிவது சுலபம். குழலைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை மூன்று இருக்கும், குழலின் மேல் குறி பார்க்க ஏணி மாதிரி நிமிரும் பின்குறி இருக்கும். ஆனால் 1857 தொடக்கத்தில் அது டம்டம், அம்பாலா, சியால்கோட் பயிற்சி மையங்களில்தான் பழக்கத்துக்கு விடப்பட்டிருந்தது. எழுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது வழவழப்பான குழல் கொண்ட பழைய மஸ்கெட்தான். தீயை மூட்டியது புதுத் துப்பாக்கியின் தோட்டா, ஆனால் பழைய துப்பாக்கியோடுதான் அவர்கள் நின்று போராடினார்கள். ஒரு படம் அதைச் சரியாகக் காட்டினால் எனக்கு அந்த டைரக்டர் மேல் மரியாதை வரும்.

பின்பக்கம் திறந்தால்

ஸ்னைடர், 1866. பழைய என்ஃபீல்டையே எடுத்து, பின்பக்கத்தை வெட்டி, வலப்பக்கம் திறக்கும் ஓர் இரும்புக் கட்டியைக் கீல் போட்டு மாட்டினார்கள். வெளிச் சுத்தியல் அப்படியே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆள் அதைத் திறந்து தோட்டாவை வைக்கும் ஷாட் வரும்வரை காத்திருங்கள்.

மார்ட்டினி-ஹென்றி, 1871. வெளியே சுத்தியல் கிடையாது. விசைக்குப் பின்னால் கீழ்நோக்கி ஒரு லீவர். அதை இறக்கினால் உள்ளே கட்டி சாய்ந்து வழி விடும். ஒரு தோட்டா, அவ்வளவுதான். லீவரைப் பார்த்தவுடன் "கவ்பாய் படத்துத் துப்பாக்கி" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அமெரிக்க வின்செஸ்டரில் விரல் நுழையும் வளையம் இருக்கும், குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் இன்னொரு குழாய் இருக்கும், லீவரை ஆட்ட ஆட்டச் சுட்டுக்கொண்டே போகும். மார்ட்டினியில் ஒவ்வொரு முறையும் கை தோட்டாப் பைக்குப் போய் வர வேண்டும். அந்தக் கையைப் பார்த்தால் போதும்.

இதுவரை சொன்ன அத்தனையும் கருமருந்து. வெள்ளைப் புகை மண்டும். இருபது பேர் சேர்ந்து சுட்டால் எதிரே ஆள் தெரியாது. புகையில்லா மருந்து நம் பக்கத்துப் படைகளுக்கு வந்தது 1890களில். 1870களின் எல்லைப்புறச் சண்டை ஒன்று கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தால், ஒளிப்பதிவாளருக்கு வசதி, சரித்திரத்துக்கு இல்லை.

த்ரீ நாட் த்ரீ

இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் நடக்கும் நம் படம் எதிலும் பத்தில் ஒன்பது துப்பாக்கி இதுதான், அல்லது இது மாதிரி நடிப்பதுதான்.

நாம் த்ரீ நாட் த்ரீ என்று சொல்வது .303 அங்குலத் தோட்டா போடும் லீ-என்ஃபீல்டு ரைபிளை. அந்த வரிசை 1895இல் தொடங்கியது. குட்டையாக்கி வெளியிட்ட எஸ்.எம்.எல்.இ. (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு) 1903இல் வந்தது. நம் கண்ணுக்குப் பழகிய மார்க் 3, அதாவது மூன்றாவது திருத்த மாடல், வந்தது 1907இல். வங்காளத்தில் இஷாப்பூரில் இருந்த தொழிற்சாலையில் இங்கேயே செய்தார்கள். என் கைக்கு வந்த காலத்தில் அது ராணுவத்தில் பின்வரிசைக்குப் போயிருந்தது, ஆனால் போலீஸிலும் என்.சி.சி.யிலும் உயிரோடு இருந்தது. அதன் போல்ட்டை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன்.

அடையாளம் மூக்கில் இருக்கிறது. எஸ்.எம்.எல்.இ.யில் குழல் முனை வெளியே நீட்டாது. கட்டையும் இரும்பு முகப்பும் கடைசிவரை வந்து மொட்டையாக முடியும். இரண்டு பக்கமும் காது மாதிரி முன்குறியைக் காக்கும் தகடுகள். இந்த மொட்டை மூக்கைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்காமலே சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் வந்த நம்பர் 4 ரைபிளில் குழல் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்குறி போல்ட்டுக்கு மேலே கண் பக்கத்தில் இருக்கும். அது தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வெளியே வந்தது 1941இலிருந்து. ஆக, உப்புச் சத்தியாகிரகக் காட்சியில், 1930 வேதாரண்யத்தில், போலீஸ் கையில் மூக்கு நீட்டிய லீ-என்ஃபீல்டு இருந்தால் தப்பு.

அடுத்து மேகசினின் அடிப்பாகம். .303 மேகசினின் அடி சாய்வாக இருக்கும், பத்துத் தோட்டா. இதே உருவத்தில் 1962 சீனப் போருக்கப்புறம் இஷாப்பூரில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 என்று செய்தார்கள். மொட்டை மூக்கு, கட்டை, போல்ட் எல்லாம் அப்படியே. மேகசின் மட்டும் பன்னிரண்டு தோட்டா, மூலைகள் கூரான சதுரப் பெட்டி. இன்றைக்கு நம் நாட்டில் சுலபமாகக் கண்ணில் படுவது இந்த 2ஏ1தான், அதனால் சுதந்திரப் போராட்டப் படங்களில் இது நுழைந்துவிடுகிறது. ஆள் ரைபிளைக் குறுக்கே பிடித்து நிற்கும் பக்கவாட்டு ஷாட்டில் நிறுத்தி, விசைக்கு முன்னால் தொங்கும் பெட்டியைப் பாருங்கள். சதுரமாக இருந்தால் அது நேரு காலத்துக் கடைசியிலும் அதற்கப்புறமும் வந்த சரக்கு.

குளோஸ்-அப் கிடைத்தால் கைப்பிடிக் கழுத்தின் வலப்பக்கம் முத்திரை இருக்கும். கிரீடமும் அரசன் பெயரின் முதலெழுத்தும் வருடமும் அடித்திருப்பார்கள். இஷாப்பூர் ரைபிளில் 'ஜி.ஆர்.ஐ.' என்று இருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம். அசோகச் சிங்கமும் 'ஆர்.எஃப்.ஐ.'யும் (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு. முன்கட்டையில் செம்பு அல்லது இரும்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தால் அது அலங்காரம் இல்லை. அந்த ரைபிள் முனையில் கோப்பை மாட்டி கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. அந்த அதிர்ச்சியில் கட்டை பிளக்காமல் இருக்கத்தான் அந்தக் கட்டு. அப்படிப்பட்ட ரைபிளை சாதாரணக் காவலுக்கு நிற்கும் கான்ஸ்டபிள் கையில் பார்த்தால் எங்கிருந்தோ ஏலத்தில் வந்தது என்று அர்த்தம்.

போலீஸ் என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். காவல் பணிக்காக இதே ரைபிள்களின் குழலை வழவழப்பாகக் குடைந்து .410 மஸ்கெட்டாக இஷாப்பூரில் மாற்றினார்கள். மேகசினுக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்துவிடுவார்கள், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும். ராணுவ ரைபிள் போலீஸ் கையிலிருந்து கூட்டத்துக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். 1930களின் படத்தில் கான்ஸ்டபிள்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தோட்டா வைத்தால், "நடிகருக்குத் துப்பாக்கி தெரியல" என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் படக்குழு நம்மைவிட அதிகம் படித்திருக்கலாம்.

கணக்குப் போட்டும் ஒரு காட்சியைச் சோதிக்கலாம். ஜாலியன்வாலா பாக், 1919 ஏப்ரல் 13. சுட்டவர்கள் ஐம்பது பேர், மொத்தம் 1,650 தோட்டா என்பது சுடச் சொன்ன ஜெனரல் டயரே விசாரணையில் கொடுத்த எண். ஆளுக்குச் சராசரி 33. ரைபிளில் பத்துத்தான் பிடிக்கும் என்றால், ஒவ்வொருவரும் மூன்று தடவையாவது நிறுத்தி, ஐந்து ஐந்தாகக் கோத்த கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்பியிருக்கிறார்கள். யோசித்துத்தான் நிரப்பினார்கள், நிரப்பிவிட்டுத்தான் மறுபடி குறி வைத்தார்கள். அதைக் காட்டாமல் இடைவிடாமல் சுடுவதாகக் காட்டும் படம் அந்தக் கொடுமையைக் குறைத்துக் காட்டுகிறது என்பது என் எண்ணம். இயந்திரத் துப்பாக்கி சுடுவதாகக் காட்டினால் அது அடியோடு தப்பு. அவை பூட்டிய கவச வண்டிகள் இரண்டையும் அந்தச் சந்து குறுகலாக இருந்ததால் உள்ளே கொண்டுபோக முடியவில்லை, வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கைத்துப்பாக்கி

இங்கேயும் அதே கேள்விதான்: எப்படித் திறக்கிறது?

ரிவால்வர் நடுவில் ஒடிந்து, குழல் கீழே சாய்ந்து, ஆறு காலித் தோட்டாவும் ஒரே நேரத்தில் எழும்பினால் வெப்லி அல்லது என்ஃபீல்டு. வெப்லி ராணுவத்துக்கு வந்தது 1887இல். கைப்பிடி பறவைத் தலை மாதிரி உருண்டு, குழல் குட்டையாக இருந்தால் முந்தைய மார்க்குகள். கைப்பிடி சதுரமாக, குழல் ஆறு அங்குலமாக நீண்டிருந்தால் 1915இன் மார்க் 6. இரண்டாம் போர்க் காலத்து .38 என்ஃபீல்டில் சுத்தியலின் பின்வால் வெட்டப்பட்டு மொழுக்கென்று இருந்தால் அது 1938க்குப் பிறகு. நம் ஆர்டினன்ஸ் தொழிற்சாலை இப்போது விற்கும் .32 ரிவால்வரும் வெப்லியைப் பார்த்துச் செய்ததுதான், அதனால் குட்டியாக ஒரு வெப்லி தெரிந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

தோட்டா வைக்கும் உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வந்தால் கோல்ட் அல்லது ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற அமெரிக்க வகை, 1889க்குப் பிறகு. 1857இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி நடுவில் ஒடியும் வெப்லியையும் பக்கவாட்டில் திறக்கும் வகையையும் வைத்திருக்க முடியாது. அவரிடம் ஆடம்ஸ் அல்லது பழைய கோல்ட் இருந்திருக்கும், ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியே மருந்தும் குண்டும் கேப்பும் வைக்க வேண்டும்.

பிஸ்டலில் உருளை இருக்காது. மேல்பாகம் பின்னால் நகர்ந்து காலித் தோட்டாவை வெளியே தள்ளும். நம் விடுதலைப் போராட்டக் கதைகளில் பெரிய இடம் இதற்குத்தான். 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டலால். அந்தக் காட்சியில் ரிவால்வரைக் கொடுத்தால் தப்பு. பிஸ்டலையே கொடுத்தாலும் பின்பக்கம் சுத்தியல் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துச் சட்டைப்பை பிரௌனிங்குகளில் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். படங்களில் அடிக்கடி கைக்கு வரும் வால்தர் பி.பி.கே. 1930களின் சரக்கு, அதில் சுத்தியல் வெளியே தெரியும்.

சந்திரசேகர ஆசாத் 1931 பிப்ரவரி 27இல் ஆல்ஃபிரட் பூங்காவில் கடைசிவரை வைத்திருந்த கோல்ட் பிஸ்டலும் சுத்தியல் மறைந்த வகைதான். அது அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படங்களும் நிறைய கிடைக்கும், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வங்காளத்துப் புரட்சியாளர் கதையில் மேகசின் விசைக்கு முன்னால் பெட்டியாகவும், கைப்பிடி உருண்டையாகத் தனியாகவும் தெரிந்தால் மவுசர் சி96. 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் ராடா என்ற ஆயுத வியாபாரக் கம்பெனியின் சரக்கிலிருந்து 50 மவுசரும் 46,000 தோட்டாவும் கடத்தப்பட்டன. அதற்கப்புறம் பல வருடம் அந்த மவுசர்கள் வழக்குகளில் தலைகாட்டிக்கொண்டே இருந்தன. ஆகவே 1915 வங்காளக் கதையில் மவுசர் இருந்தால் அது ஸ்டைலுக்கு வைத்தது இல்லை, நியாயமான தேர்வு.

இயந்திரத் துப்பாக்கிகள் சுருக்கமாக

குழல் மேல் தடித்த உறையும் மேலே வட்டத் தட்டும் இருந்தால் லூயிஸ். மேலே வளைந்த மேகசின் இருந்தால் பிரென், 1938. அதே பிரென்னில் மேகசின் நேராக இருந்தால் 7.62க்கு மாற்றிய பிற்கால வகை, நேதாஜியின் ஐ.என்.ஏ. படைக் கதையில் அதற்கு வேலை இல்லை. இடப்பக்கம் மேகசின் நீட்டும் எளிய இரும்புக் குழாய் மாதிரி இருந்தால் ஸ்டென், 1941. அதே இடப்பக்க மேகசின் வளைவாகவும், குழலைச் சுற்றி ஓட்டை ஓட்டையாகவும் இருந்தால் ஸ்டெர்லிங். பிரிட்டிஷ் ராணுவத்துக்கே 1953இல்தான் வந்தது, நம் கான்பூரில் 1960களில். 1942 ஆகஸ்ட் போராட்டக் காட்சிகளில் இதைப் பிடித்துக்கொண்டு ஓடும் சிப்பாய்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

சிட்டகாங் ஆயுதக் கிடங்கை சூர்யா சென் தலைமையில் புரட்சியாளர்கள் தாக்கியது 1930 ஏப்ரல் 18. அங்கே லூயிஸ் துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்குத் தோட்டா கிடைக்கவில்லை. சூர்யா சென் கூட்டத்தார் படத்தில் லூயிஸால் சுட்டால் அந்த ராத்திரியின் பெரிய துயரமே அடிபட்டுப் போகும்.

டம்மியைப் பிரித்தறிவது

செட்டில் இருப்பதில் பெரும்பகுதி டம்மி. ஆயுதச் சட்டம், லைசென்ஸ், பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கதாநாயகன் கையில் நன்றாகச் செய்த இரும்பு நகல், இரண்டாம் வரிசையில் ஃபைபர், கடைசி வரிசையில் வெறும் மரம் அல்லது ரப்பர். அதனால் பின்வரிசை ஆளின் துப்பாக்கியை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். ஓடும்போது குழல் லேசாக வளைந்து ஆடினால் ரப்பர். போல்ட்டும் கட்டையும் ஒரே மாதிரி மின்னினால் ஒரே அச்சில் வார்த்தது.

ஒரே காட்சிக்குள் துப்பாக்கி மாறும் என்பதையும் எதிர்பாருங்கள். தூர ஷாட்டில் டம்மி, சுடும் ஷாட்டில் வெற்றுத் தோட்டா போடும் நிஜ வகை, கையை மட்டும் காட்டும் ஷாட்டில் வேறொன்று. ஒரு படத்தில் ஒரே கதாபாத்திரத்தின் கையில் எஸ்.எம்.எல்.இ., வேட்டு வெடிக்கும் நொடியில் வேறு ஏதோ ஏர்கன், விழுந்து கிடக்கும்போது 2ஏ1 என்று மூன்றையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு ஷாட்டில் கிடைத்த அடையாளத்தை அடுத்த ஷாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சத்தத்தை நம்பவே வேண்டாம். அது எடிட்டிங் முடிந்தபிறகு சேர்ப்பது. போல்ட் துப்பாக்கிக்கு பிஸ்டல் சத்தம் போட்ட படங்கள் ஏராளம்.

ஜமீன்தார் கதைகளில் வரும் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஒரு வரி: வெளியே இரண்டு சுத்தியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபதாம் நூற்றாண்டில் இரண்டுமே சரி. 1875க்கு முந்தைய கதையில் மட்டும் வெளிச் சுத்தியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்த்ததை எழுதி வைக்கும் விதம்

படம் ஓடும் நேரம், யார் கை, என்ன தெரிந்தது, அதிலிருந்து என்ன முடிவு. இந்த நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். உதாரணமாக: "42ஆம் நிமிடம், கான்ஸ்டபிள், மொட்டை மூக்கு, மேகசின் அடி சாய்வு, எஸ்.எம்.எல்.இ." மேகசின் தெரியாவிட்டால் "மொட்டை மூக்கு மட்டும், எஸ்.எம்.எல்.இ. அல்லது 2ஏ1" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மார்க் எண்வரை சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை வரும். கண்ணுக்குத் தெரிந்த உறுப்பு எதுவோ அதுவரைதான் போக வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் பழுதுச் சீட்டில் பார்த்ததை ஒரு கட்டத்தில், காரணத்தை இன்னொரு கட்டத்தில்தான் எழுதுவோம்.

கண் பழக நேரில் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. கோட்டை அருங்காட்சியகத்திலும் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது பெயர்ப் பலகையைப் படிக்காதீர்கள். முதலில் பூட்டைப் பாருங்கள், கம்பி இருக்கிறதா பாருங்கள், பின்பக்கம் திறக்குமா பாருங்கள், மனசுக்குள் ஒரு காலத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள், அப்புறம் பலகையைப் படியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வித்தியாசம் அவர்கள் கண்ணுக்குச் சீக்கிரம் படும்.